இருபத்திரண்டு சென்டிமீட்டர்

பாதி அடித்த பொடி ஆணிகள் இரண்டும் நேராகத்தான் நிற்கின்றன. இல்லை, மேல் ஆணி கொஞ்சம் சாய்கிறது. குற்றாலலிங்கம் கண்ணாடியைக் கழற்றி பனியன் நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். இப்போது கீழ் ஆணி சாய்ந்தது. பாளையங்கோட்டையில் மத்தியானம் பன்னிரண்டரை மணி. பின்வாசலில் துவைக்கிற கல்லின் மேல் சாக்கு விரித்து, அதன் மேல் மனைவி ஆவுடையம்மாளின் தேக்கு நாற்காலியைக் குப்புறக் கிடத்தியிருந்தார். வலப்பக்கத்துப் பின்னங்கால் தனியாகச் சுவரில் சாய்ந்து நின்றது. உட்காரும் பலகையைத் தாங்குகிற சட்டம் இருக்கிறதே, அதன் முனையில் நாக்கு மாதிரி ஒரு துண்டு நீண்டு காலுக்குள் நுழைந்திருந்தது. அது முறிந்துபோயிற்று. மிச்சத்தை ரம்பத்தால் மட்டமாக அறுத்தாகிவிட்டது. இனிமேல் சட்டத்தின் முனையில் இரண்டு ஓட்டை, காலில் இரண்டு ஓட்டை, நடுவே சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு மர ஆணி, பசை. வித்தை இவ்வளவுதான், ஓட்டைக்கு எதிரே ஓட்டை இருக்க வேண்டும். அந்த இவ்வளவுதான் நேற்று அவரைக் கவிழ்த்துவிட்டது. நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர், வரப்புச் சண்டைக்காரர்கள் இரண்டு பேரையும் இரண்டு பக்கம் நிறுத்திவிட்டு நடுவில் கல் நட்டவர், சட்டத்தில் இடது விளிம்பிலிருந்து எட்டு மில்லி அளந்து குறித்தார், காலிலும் இடது விளிம்பிலிருந்து எட்டு மில்லி அளந்து குறித்தார், நாலு ஓட்டையையும் போட்டார், மர ஆணியைச் செருகிச் சேர்த்தார். கால் சட்டத்தை விட்டு எட்டு மில்லி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. திருப்பிப் போட்டுப் பார்த்தார், அப்படியேதான் நின்றது. அரை மணி நேரம் அளவு நாடாவைச் சந்தேகப்பட்டார். அப்புறம்தான் உறைத்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும்போது ஒன்றுக்கு இடது மற்றதுக்கு வலது. எதிரே நிற்பவருக்கு எது இடது என்று யோசிக்காமலே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறோம் என்று தோன்றியபோது ஆளில்லாத வீட்டில் அவருக்கு முகம் சுட்டது. தப்பான ஓட்டைகளில் பசையைத் தடவி மர ஆணியை அடித்து மூடி, மட்டமாக அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ராத்திரிக்குக் காய விட்டுப் படுத்தார். இன்று மறுபடி ஆரம்பம். தம்பி வீட்டுக்குப் போயிருக்கிற ஆவுடை நாலு மணிக்கு வந்துவிடுவாள்.

இந்தத் தடவை அளவே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். சட்டத்தின் முனையில் இரண்டு பொடி ஆணிகளைப் பாதி அடித்து, தலையைக் குறட்டால் நறுக்கி, அந்தக் கூர்முனைகளை அப்படியே காலின் மேல் வைத்து அழுத்தினால் காலில் இரண்டு புள்ளி விழும், அந்தப் புள்ளியில் ஓட்டை போட்டால் தப்பவே முடியாது. கைபேசியில் ஒரு மலையாளத்துக்காரர் செய்து காட்டினார். பாஷை புரியவில்லை, கை புரிந்தது. ஆனால் இந்தக் கால் கறுத்த பழைய தேக்கு, பொடி ஆணியின் தடம் ஐம்பத்தெட்டு வயதுக் கண்ணுக்கு எங்கே தெரியும்? பூசை அலமாரியில் ஆவுடையின் குங்குமச் சிமிழ் இருந்தது. திறக்கும்போது யாரோ பார்க்கிற மாதிரி ஒரு கூச்சம். அவள் ஊரில் இல்லாதபோது அவள் சிமிழில் கைவைப்பது இதுதான் முதல் தடவை. ஒரு சிட்டிகை எடுத்து எண்ணெயில் குழைத்து ஆணி முனைகளில் தொட்டு வைத்தார். காலைப் பொருத்தி, விளிம்புக்கு விளிம்பு விரலால் தடவிப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுத்து. பிரித்தபோது கறுப்புத் தேக்கில் இரண்டு சிவப்புப் பொட்டு. ரொம்ப அழகாக விழுந்திருந்தது, அதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் வந்தது, வந்த சந்தோஷம் உடனே கூசியது. இதை ஆசாரியிடம் கொடுத்திருந்தால் கால் மணி நேர வேலை. கொடுக்கப் போகாமலா இருந்தார்? போன மாதமே முறிந்த காலைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மார்க்கெட் பக்கத்துப் பட்டறைக்குப் போனார். ஆசாரி காலை வாங்கி, முறிந்த இடத்தில் பெருவிரலை ஒரு தடவை ஓட்டினார். "எப்பிடி முறிஞ்சுது சார்?" என்றார். உட்கார்ந்து முறிந்தது என்றார் இவர். ஆசாரி இன்னொரு தடவை விரலை ஓட்டினார். "உக்காந்து முறிஞ்சா இப்பிடி முறியாது சார். இது எங்கயோ போயி அடிச்சிருக்கு." அவ்வளவுதான் சொன்னார், நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். மாடியிலிருந்து விழுந்துவிட்டது என்று இவர் அவசரமாக ஒரு பொய் சொன்னார். வீட்டுக்கு மாடி உண்டுதான், நாற்காலிக்கு அங்கே என்ன வேலை? அப்புறம் வருகிறேன் என்று காலைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தவர்தான், பொருட்காட்சி மைதானத்துக்கு எதிரே இருக்கிற கடையில் ஒரு கை டிரில்லும் ஒரு பாக்கெட் மர ஆணியும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

டிரில்லின் கம்பியில் மூன்று சென்டிமீட்டருக்கு மேலே காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைச் சுற்றியிருந்தார், அதுவரை இறங்கினால் போதும். பக்கத்தில் செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்தை நிறுத்தி வைத்து, கம்பி அதற்கு ஒட்டினாற்போல நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே பிடியைச் சுற்றினார். சுருள் சுருளாகத் தேக்குத் தூள் வந்தது, முதலில் சிவப்பு, அப்புறம் பழுப்பு, நல்ல வாசனை. அதிகம் அழுத்தக் கூடாது. அழுத்தினால் கம்பி நேற்று மூடிய ஓட்டையின் பக்கம் சறுக்கும். கையை அவர் கவனித்துக்கொண்டே இருந்தார். இந்தக் கைதானே. அன்றைக்குக் கைதான் தூக்கியது என்று சொல்லிக்கொள்வார், தான் தூக்கியதாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஐப்பசியில் மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. ஓய்வு பெற்று நாலு மாதம். படித்த பேப்பரையே இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தார். அடுக்களை வாசலில் நின்று ஆவுடை, "சும்மாதான இருக்கிய, அந்த மொளகாவக் கொஞ்சம் காயப் போடுங்களேன்" என்றாள். அவள் குத்திச் சொல்லவில்லை, அவளுக்குக் குத்திச் சொல்லவும் தெரியாது. மிளகாய் காய வேண்டும், அவ்வளவுதான் அவள் மனசில். ஆனால் அந்தச் சும்மா காதில் விழுந்ததும் என்னமோ ஆகிவிட்டது. ஆபீசில் விடைகொடுத்த அன்று போட்ட மாலை, அதற்கு மறுநாள் அதே ஆபீசுக்கு ஒரு காகிதத்துக்காகப் போனபோது காத்திருக்கச் சொன்ன புதுப் பையன், நாலு மாதமாக ஒருத்தரும் சார் என்று கூப்பிடாத வீடு, எல்லாம் திரண்டு வந்தது. பக்கத்தில் கிடந்தது நாற்காலி, அவளுடையது, முட்டி வலிக்காரி தரையில் உட்கார முடியாமல் காய் நறுக்குவதற்கென்று வைத்திருந்தது. சுவரைப் பார்த்துத்தான் எறிந்தது. சுவர் என்றால் அடுக்களைச் சுவர், அதில் வாசல் நிலை, அந்த நிலையில் பட்டுத்தான் கால் போயிற்று. அவள் கத்தவில்லை. நாற்காலியைப் பார்த்தாள், நிலையைப் பார்த்தாள், மிளகாய்த் தட்டை எடுத்துக்கொண்டு தானே மாடிக்குப் போனாள். முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக அவள் ஏறுகிற சத்தம் கேட்டது. இவர் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டார், அதைத்தான் எடுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்துத்தான். இரண்டு நாள் கழித்து அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் நிலையில் விழுந்த பள்ளத்துக்கும் அவள் நின்ற இடத்துக்கும் நாடா பிடித்தார். அளந்து பழகிய ஆள், அளக்காமல் இருக்க முடியவில்லை. அவள் தோள் வருகிற உயரத்தில், பள்ளத்திலிருந்து இருபத்திரண்டு சென்டிமீட்டர். நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். டிரில் கம்பியின் பிளாஸ்திரி மரத்தைத் தொட்டுவிட்டது, போதும், போதும் என்று கையை எடுத்தார்.

இன்னும் மூன்று ஓட்டை. சட்டத்தில் போட்ட ஆணிகளைக் குறட்டால் பிடுங்கி அந்த இடத்திலேயே துளைக்க வேண்டும், அங்கே கொஞ்சம் திணறினார், ஒரு ஓட்டை லேசாகக் கோணியது, மர ஆணியை உப்புத்தாளில் தேய்த்து மெலிய வைத்துச் சமாளித்தார். பசை இல்லாமல் ஒரு தடவை செருகிப் பார்த்தார். சேர்ந்தது. நம்பாமல் விளிம்பில் நகத்தை ஓட்டினார், நகம் தடுக்கவில்லை. மறுபடி பிரித்தார். பிரிக்கும்போது வருகிற க்ளக் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை, அது சிரிப்புச் சத்தம் போல இருந்தது. சிரித்தாரே அவர். அதுதான். எறிந்ததைக்கூட ஆத்திரம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆத்திரம் வராத மனுஷன் உண்டா என்று கேட்டுக்கொள்ளலாம், சிரித்ததை என்ன சொல்லிக்கொள்வது? எறிந்த மறுநாள் காலையில் மைத்துனன் மந்திரமூர்த்தி தென்காசியிலிருந்து வாழைத்தாரோடு வந்தான். நல்லவன், வாய்தான் கொஞ்சம் நீளம். மூன்று காலோடு மூலையில் சாய்ந்து நின்ற நாற்காலியைப் பார்த்துவிட்டு, "எக்கா, இதுக்கு என்ன ஆச்சு?" என்றான். கூடத்தில் இருந்த இவர் பேப்பரை மடித்தார். சொல்லிவிடுவாள் என்று பயந்தார், சொல்லிவிட்டால் நல்லது என்றும் ஒரு கணம் நினைத்தார். அடுக்களையிலிருந்து அவள் குரல் வந்தது: "நாந்தாம்ல உக்காந்தேன். மடார்னு போயிட்டு." மந்திரம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "நீ உக்காந்தா தேக்கு என்னக்கா செய்யும், பாவம்!" இவரும் சிரித்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தப்பித்துவிட்ட நிம்மதியில் தானாக வந்துவிட்டது, ஹெ ஹெ என்று. காபியோடு வந்த ஆவுடை அந்தச் சிரிப்பின் நடுவில் இவர் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. இவரைப் புதிதாகப் பார்க்கிறவள் போலப் பார்த்தாள், டம்ளரை வைத்தாள், போய்விட்டாள்.

அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும் என்று நினைத்தார். நிற்கவில்லை. மந்திரத்தின் வாயில் விழுந்த பேச்சு தென்காசி பூராவும் சுற்றி வந்தது. கார்த்திகையில் அவன் மகளுக்கு வளைகாப்பு. மண்டபத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி. ஆவுடை அரக்குப் பட்டுப் புடவையில், வளையல் தட்டைக் கொடுத்துவிட்டு உட்கார இடம் தேடி வந்தாள், அப்போது எவனோ ஒரு சொந்தக்காரன் சத்தமாக, "ஆவுடை அத்தைக்கு ரெண்டு சேரா சேத்துப் போடுங்கப்பா, ஒண்ணு தாங்காது!" என்றான். போட்டார்கள். நிஜமாகவே ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி, பெரிய உடம்புக்காரர்களுக்குப் போடுவது போல இரண்டு நாற்காலியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்கள். எழுபது கிலோகூட இருக்க மாட்டாள். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள், மஞ்சள் பூசிய கன்னத்தோடு மேடையில் இருந்த பெண்ணும் சிரித்தது. ஆவுடையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த இரண்டு நாற்காலியின் மேல் உட்கார்ந்தாள், இரண்டு அடுக்கினால் உயரம் கூடிவிடுகிறது, கால் சரியாகத் தரையில் படவில்லை, செருப்பின் நுனியை ஊன்றிக்கொண்டு கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். குற்றாலலிங்கம் ஆண்கள் வரிசையில் நாலு அடி தள்ளி இருந்தார். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தார், சரியாக இருந்த வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினார். அன்றிலிருந்து வீட்டில் அவள் நின்றுகொண்டேதான் காய் நறுக்குகிறாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கூடத்தில் கிடக்கிறது, அதைத் தொடுவதில்லை. முட்டி வலித்தால் அடுக்களை மேடையில் கையை ஊன்றி ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறாள். அதைப் பார்க்க முடியாமல் இவர் மாடிக்குப் போய்விடுவார், போய் அங்கே சும்மா நிற்பார்.

பசை அதிகமாகிவிட்டது. ஓட்டைக்குள் ஊற்றி, மர ஆணிக்கும் பூசி, சுத்தியலால் தட்டியதும் நாலா பக்கமும் வெள்ளையாகப் பிதுங்கிக்கொண்டு வந்தது. ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க வந்தது, கையெல்லாம் பசை, பசையோடு குங்குமம். இறுக்கிப் பிடிக்கிற சாமான் அவரிடம் இல்லை. கொடியில் கிடந்த நைலான் கயிற்றை அவிழ்த்துக் கால்களைச் சுற்றி இரண்டு சுற்றுக் கட்டி, நடுவில் தோசைக்கரண்டியைச் செருகி முறுக்கினார். கயிறு இறுக இறுகச் சட்டமும் காலும் நெருங்கின, நடுவில் இருந்த கோடு மயிரிழையாகி மறைந்தது. ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைக்க வேண்டும் என்று பசை டப்பாவில் போட்டிருந்தது. மணி மூன்றரை. அப்படியே கயிற்றோடும் கரண்டியோடும் தூக்கிக் கொண்டுபோய்க் கூடத்தில் நிமிர்த்தி வைத்தார். நாலு காலும் தரையில் பட்ட மாதிரிதான் இருந்தது. ஒரு விரலால் தள்ளினார், கொஞ்சம் ஆடியது, டக் டக். ஒரு கால் ஒரு மில்லி குட்டை போல. பரவாயில்லை, அட்டை வைத்துக்கொள்ளலாம். இதைப் பார்த்ததும் அவளுக்குப் புரியும். புரிந்தால் போதும். வாயால் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு நாள் குனிந்து நிமிர்ந்து செய்திருக்கிறோம், கையைப் பார்த்தாலே தெரியும். அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதே இன்னொன்றும் தெரிந்தது. நாற்காலி சரியாகிவிட்டால் அத்தோடு விஷயம் முடிந்துவிடும். அவள் உட்கார்ந்து உடைந்தது, இவர் பார்த்து ஒட்டிக்கொடுத்தார் என்று ஆகிவிடும். நல்ல பெயர்கூடக் கிடைக்கும். இதற்காகத்தானா இத்தனை பாடு? பொய்யின் மேலேயே பசை தடவி வைத்திருக்கிறோம் என்று நினைத்தார். கரண்டியைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எறிகிற நினைப்பு மறுபடி வந்ததே என்று பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வாசலில் கார் வந்து நின்றது.

மந்திரமூர்த்திதான் முதலில் நுழைந்தான், இரண்டு கையிலும் பை. நாற்காலியைப் பார்த்ததும் பையை வைக்காமலே நின்றுவிட்டான்.

"அடேயப்பா! அத்தான் ஆசாரியா மாறிட்டியளே! எக்கா, இங்க வந்து பாரு, ஒனக்குச் சிம்மாசனம் ரெடி!"

ஆவுடை பின்னால் வந்தாள். அவள் நாற்காலியைப் பார்க்கவில்லை, இவர் கையைத்தான் பார்த்தாள்.

"கையில என்ன, ரத்தமா?"

"குங்குமம்" என்றார்.

"என் குங்குமமா?"

"அடையாளத்துக்கு."

மந்திரம் நாற்காலியைச் சுற்றி வந்து தோசைக்கரண்டியைத் தட்டிப் பார்த்தான். "எல்லாஞ் சரி அத்தான். ஆனா அக்கா உக்காந்தா தாங்குமா? மரத்துல செஞ்சதுக்கு இரும்புல செஞ்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வழக்கம்போலச் சிரித்தான். சிரித்துவிட்டு இவரைப் பார்த்தான், கூடச் சிரிப்பதற்காக. ஆவுடையும் இவரைப் பார்த்தாள். அதே பார்வை, டம்ளரை வைத்துவிட்டுப் போன அன்றைக்கு இருந்த பார்வை. குற்றாலலிங்கத்துக்கு உதட்டின் ஓரம் தானாகச் சிரிக்கப் போனது. அதை அவர் உணர்ந்தார்.

"மந்திரம், அவ உக்காந்து முறியல."

"என்னது?"

"நான்தான் தூக்கி எறிஞ்சேன்."

மந்திரத்தின் சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. பையைக் கீழே வைத்தான். நல்லவன் அல்லவா, அத்தானுக்கு ஒரு வழி விட்டுக்கொடுத்தான். "கோவத்துல சுவத்துல அடிச்சிட்டியளாக்கும். வீட்டுக்கு வீடு நடக்கதுதான" என்றான். சுவர் என்கிற வார்த்தை இவர் வாய்க்குள் தயாராக இருந்தது. இரண்டு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. ஆமாம் என்று தலையை ஆட்டினால்கூடப் போதும். அவர் அடுக்களை நிலையைப் பார்த்தார், அதில் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார்.

"சுவத்துல இல்ல. அவளப் பாத்துதான் எறிஞ்சேன். நாக்காலி கொஞ்சம் தள்ளிப் போயிட்டு."

மந்திரம் அக்காவைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான், இரண்டு பேரையும் பார்க்க முடியாமல் தான் வைத்த பையைப் பார்த்தான். வளைகாப்பு மண்டபம் அவனுக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், காது மடல் சிவந்துபோயிற்று. ஆவுடை புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நாற்காலியிடம் வந்தாள்.

"இது என் தோசக்கரண்டில்லா" என்று சொல்லிக்கொண்டே அதைத் திருப்பித் திருப்பி முறுக்கை அவிழ்த்தாள். கயிறு தளர்ந்து விழுந்தது.

"பசை காயல, ஆவுடை. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் அசைக்கக் கூடாது."

"நீங்க உக்காருங்க."

"இல்ல, இது ஒனக்குன்னுதான்..."

"மொதல்ல நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். பலகையின் முன் விளிம்பில், பாதிப் பாரத்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு, பிட்டத்தை ஒட்டினாற்போல வைத்து உட்கார்ந்தார். அவளுக்கா தெரியாது, செருப்பு நுனியை ஊன்றி உட்காருவது எப்படி என்று.

"முழுசா உக்காருங்க" என்றாள்.

பின்னால் நகர்ந்தார். பாரம் இறங்கியது. வலப்பக்கத்துப் பின்னங்காலில், பசை காயாத அந்த இணைப்பில், மெல்ல ஒரு முனகல் கேட்டது. அவர் இரண்டு கையையும் தொடையின் மேல் வைத்துக்கொண்டார். உடையலாம், உடைந்தால் மைத்துனன் முன்னால் மல்லாக்க விழ வேண்டியதுதான் என்று நினைத்தார், விழுந்தால் அவன் சிரிக்க மாட்டான் என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"மந்திரம், இரு, காப்பி போடுதேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு அவள் கரண்டியோடு அடுக்களைக்குப் போனாள். நிலையைத் தாண்டும்போது அந்தப் பள்ளத்தில் கையை வைத்து நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"நான் சொல்லுத வரைக்கும் எந்திரிக்காதிய."

உள்ளே அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது. அவர் எந்திரிக்கவில்லை.